நிதியியல் ஆழமாதலா, ஆழமாக்கலா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

ஒரு நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிடுகையில் வங்கிப் பணமும் கடனும் பெருகுவதை ஆங்கிலத்தில் "ஃபைனான்ஷியல் டீப்பனிங்" என்பர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் கல்முனை நண்பர் முன்வைத்த "நிதியாழமாக்கல்", சென்னை நண்பர் முன்வைத்த "நிதிச்செறிவு" ஆகிய இரண்டையும் என் உயர்தரப் பொருளியல் வகுப்பில் ஒரு கிழமை புழங்கவிட்டுப் பார்த்தேன். செறிவு நிற்கவில்லை. எங்கள் பாடசாலைகளில் அது இரசாயனக் கரைசலுக்கு உரிய சொல். "காசு சிலரிடம் குவிந்து கிடக்கிறதா, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டதோடு அதைக் கைவிட்டேன்.

முன்னொட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசின் வரவுசெலவு சார்ந்ததை இலங்கையில் "இறை" என்போம். இறைக்கொள்கை என்று நாம் எழுதுவதைத் தமிழ்நாட்டில் நிதிக்கொள்கை என்று எழுதுகிறார்கள். ஆகவே வெறும் "நிதி" என்று தொடங்கினால் அங்குள்ளோர் அதை அரசாங்கக் கருவூலம் பற்றிய சொல்லாகப் படிக்கக்கூடும். "நிதியியல்" என்பது இரு கரையிலும் குழப்பம் தராது என்பது என் எண்ணம்.

இனி, ஆழமாதலா ஆழமாக்கலா என்ற முதன்மையான வேறுபாட்டுக்கு வருகிறேன். அந்த ஆங்கிலத் தொடரைப் பொருளியலாளர் எட்வர்ட் ஷோ 1973இல் தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். அதே ஆண்டில் அவருடைய ஸ்டான்ஃபோர்ட் சகாவான ரொனால்ட் மெக்கினனும் ஏறத்தாழ அதே கருத்தை எழுதினார். வளர்முக நாடொன்றின் அரசு வட்டிக்கு உச்சவரம்பு விதித்து அதைப் பணவீக்கத்துக்கும் கீழே அமர்த்தி வைத்தால், மக்கள் தம் சேமிப்பை வங்கியில் இடாமல் காணியாகவும் நகையாகவும் நெல்லாகவும் வைத்துக்கொள்வர் என்பதும், வங்கியிடம் எஞ்சும் சிறிதளவு கடனும் செல்வாக்குள்ளவர்களுக்கே போய்ச் சேரும் என்பதும் அவர்களின் வாதம். விரிந்த பண நிரம்பலோ (மக்கள் கையிலுள்ள காசும் வங்கி வைப்புகளும்) தனியார் துறைக்கான கொடுகடனோ (அத்துறைக்குக் கொடுக்கப்பட்ட கடன்) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை வீதம் என்பதே ஆழத்தின் வழக்கமான அளவுகோல். பொருளியலாளர்கள் கிங், லெவின் இருவரும் 80 நாடுகளின் 1960 முதல் 1989 வரையான தரவுகளைக் கொண்டு 1993இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் இந்த ஆழம் கூடியிருந்த நாடுகள் பின்னர் வேகமாக வளர்ந்ததைக் காட்டியது.

ஆனால் ஆழம் தானாக வருகிறதா, யாரேனும் வரச் செய்கிறார்களா? ஆங்கிலச் சொல் இதைச் சொல்லாமலே நழுவிவிடும்; தமிழ் நழுவ விடாது. ஆகு என்பது தன்வினை, ஆக்கு என்பது பிறவினை, இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். இலக்கணம் கேட்கும் இதே கேள்வியைத்தான் பொருளியலாளர் ஹியூ பாட்ரிக் 1966இல் கேட்டார். தொழில் வளர்ந்து, அதன் கேள்விக்கு (கடன் தேவைக்கு) ஏற்ப வங்கிகள் பெருகுவது ஒன்று. வங்கிகளை முதலில் நிறுவி, கடன் நிரம்பலை (அளிப்பை) காட்டித் தொழிலை வரவழைப்பது மற்றொன்று. முயற்சி முன்னே போக நிதி பின்னே வரும் என்று 1952இல் எழுதிய பொருளியலாளர் ஜோன் ரொபின்சனை ஆழமாதல் கட்சியில் தயங்காமல் சேர்க்கலாம்.

இரண்டையும் என் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன். பெரும்போக நெல்லை ஈரத்தோடு விற்று ஆண்டுதோறும் நட்டப்பட்ட என் மச்சான், படுவான்கரையில் உலர்த்தும் களமும் ஒரு களஞ்சியமும் கட்டுவதற்காகத் தாமே வங்கிக்குப் போய்க் காணி உறுதியைக் கொடுத்துக் கடன் எடுத்தார். என் சின்னம்மா யாரிடமும் போகவில்லை. கடன்தான் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்தது. அவருடைய அரிசிப் பெட்டியின் மேல் மூன்று கடன் கம்பனிகளின் மூன்று தவணைக் கொப்பிகள் இருந்தன. முதலாவதன் கிழமைக் கட்டுக்காசுக்காக இரண்டாவதும், இரண்டாவதற்காக மூன்றாவதும் எடுக்கப்பட்டவை. மூன்றாவதற்காகச் சங்கிலி அடைவுக்குப் போனது. கொடுகடன் வீதத்தைக் கணக்கிடுபவருக்குக் களஞ்சியமும் ஒன்றுதான், கொப்பியும் ஒன்றுதான். அதனால்தான் கல்முனை நண்பரின் "ஆழமாக்கல்" எல்லா இடத்துக்கும் பொதுச்சொல்லாவதை நான் எதிர்க்கிறேன். பொருளியலாளர்கள் ஆர்க்கான், பெர்க்கெஸ், பனிஸ்ஸா மூவரும் 2012இல் காட்டியதுபோல, தனியார் கொடுகடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 100 வீதத்தை அண்மிக்கும்போது அது வளர்ச்சிக்கு உதவுவது நின்று, இடைஞ்சலாகவும் மாறலாம் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு நண்பர் கணக்கு வைத்திருப்போரின் தொகை பெருகுவதையும் ஆழத்திலேயே அடக்கினார். அது அகலம். எங்கள் வாவி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தாலும் பல இடங்களில் இடுப்பளவு நீரில் நின்றுதான் வலை வீசுகிறார்கள். அகலத்தை ஆழமென்று எங்களூரில் யாரும் மயங்கமாட்டார்கள்.

ஆகவே என் முன்மொழிவு இது: நிலைக்கு "நிதியியல் ஆழம்", இயல்பாக நிகழும் மாற்றத்துக்கு "நிதியியல் ஆழமாதல்", அரசோ நிறுவனமோ திட்டமிட்டுச் செய்வதற்கு மட்டும் "நிதியியல் ஆழமாக்கல்". "ஆழமாக்கலைத் தொடங்கிப் பத்தாண்டு கடந்தும் அந்நாட்டில் ஆழமாதல் நிகழவில்லை" என்று எழுதிப் பார்த்தேன். மாணவர்கள் விளக்கம் கேட்கவில்லை.

அரசு வட்டியை அமர்த்தி வைக்கும் நிலைக்கு, ஆழமாதலின் எதிர்ச்சொல்லாக மெக்கினனும் ஷோவும் ஆண்ட "ரெப்ரெஷன்" இன்னும் எஞ்சியிருக்கிறது. ஒடுக்குமுறை என்றால் எங்கள் காதில் வட்டி வீதம் விழாது. "அமுக்கம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கார்த்திகை மாதத்தில் வானொலியில் தாழமுக்கம் கேட்டே வளர்ந்த எங்களுக்கு அதுவும் மழைச் செய்தியாகிவிடுகிறது. வேறு சொல் வைத்திருப்போர் ஒரு வாக்கியத்தில் பொருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.