மேசைக் கணினியில் காலையில் ஒரு சத்தம், பிற்பகலில் வேறொரு சத்தம்: எந்த விசிறியைப் பார்ப்பது?

கேள்வி: பின்னலாடைக் கணக்கர், திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். என் மேசையில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 ப்ராசஸருடன் உள்ளூரில் அசெம்பிள் செய்த கணினி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸரின் பெட்டியிலேயே வந்த ஹீட்சிங்க்கும் (ப்ராசஸரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) விசிறியும்தான் இன்றுவரை அதில் இருக்கின்றன. கேபினெட்டின் பின்புறத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று காற்றை வெளியே தள்ளுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ளதையும் சேர்த்தால் மொத்தம் மூன்று விசிறிகள்.

காலையில் கணினியை ஆன் செய்தவுடன் ‘கர்ர்’ என்று எதையோ அரைப்பதைப் போன்ற சத்தம் எழுகிறது. ஏறக்குறைய பத்து நிமிடங்களில் அது தானாகவே அடங்கிவிடுகிறது. பிற்பகலில், குறிப்பாக ஜிஎஸ்டி கணக்குகளுக்காகப் பெரிய எக்செல் கோப்புகளைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது, அரைக்கும் சத்தம் சிறிதும் இல்லாமல், காற்று பலமாக வீசும் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அந்த நேரத்தில் அடுத்த மேசையில் இருப்பவர் தொலைபேசியில் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.

பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தபோது, ப்ராசஸர் விசிறியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடலாம் என்று பிரித்துப் பார்க்காமலேயே சொன்னார்கள். எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் செலவு செய்ய விரும்புகிறேன். விசிறிக்கு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் உண்மையா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும். மதர்போர்டைத் தொட்டுப் பழக்கமில்லை.

பதில்: வன்பொருள் பணியாளர், கோவை

வணக்கம் நண்பரே. சத்தம் எந்த நேரத்தில் வருகிறது, எப்படிக் கேட்கிறது என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் உங்கள் கணினியில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எந்தச் சத்தம் எந்த விசிறியிலிருந்து வருகிறது என்பதைத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது அரைத்து, சூடேறியதும் அடங்குகிற சத்தம் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் தேய்ந்திருப்பதன் அடையாளம். விலை குறைந்த கேபினெட்டுகளுடன் வரும் விசிறிகளில் பெரும்பாலும் இந்த வகை பேரிங்தான் இருக்கும். நுண்துளைகளில் எண்ணெய் ஊறிய ஓர் உலோகக் குழலுக்குள் விசிறியின் தண்டு சுழல்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அந்த எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகி, மீதி தூசியோடு கலந்து பிசுபிசுத்துப் போய்விடுவதால், தண்டுக்கும் குழலுக்கும் இடையே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் குறைந்து, தண்டு ஆடத் தொடங்குகிறது. இரவெல்லாம் குளிர்ந்து கெட்டியான எண்ணெய் காலையில் பரவ மறுக்கும். சற்று நேரம் ஓடிச் சூடேறியதும் இளகிவிடும், சத்தமும் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். சத்தம் அடங்குவதற்கு எடுக்கும் நேரம் போகப்போக நீண்டுகொண்டே வரும். கடைசியில் விசிறி சுழலாமலே நின்றுவிடும்.

எந்த விசிறி என்று அறிய எளிய வழி இருக்கிறது. காலையில் முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் ஒன்றை இறுக்கமாகக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு விசிறியின் நடுப்பகுதிக்கு நேராக, இறக்கைகளில் படாத தொலைவில், கொண்டுசெல்லுங்கள். சத்தம் போடும் விசிறிக்கு நேராக வந்தவுடன் அரைக்கும் ஒலி சட்டென்று கூர்மையாகக் கேட்கும். எஸ்எம்பிஎஸ் விசிறியைக் கேபினெட்டின் பின்புறக் காற்றுத் துளைகள் வழியாகக் கேட்கலாம். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால், மாலையில் கணினியை அணைத்து மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, பின்புற விசிறியின் கனெக்டரை மட்டும் மதர்போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் சத்தம் வராவிட்டால் கோளாறு அந்த விசிறியில்தான் இருக்கிறது. கேபினெட் விசிறி இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடுவதால் உங்கள் கணினிக்குத் தீங்கு வராது.

ப்ராசஸர் விசிறியை மட்டும் இப்படிக் கழற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓடுகிற விசிறியை விரலாலோ பேனாவாலோ நிறுத்திப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். இறக்கையில் சிறு விரிசல் விழுந்தாலும் சமநிலை கெட்டு, அதன்பின் அதிர்வு நிரந்தரமாகிவிடும். ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் சத்தமாக இருந்தால் ஏதேனும் ஒரு கேபிள் இறக்கையில் உரசுகிறது என்று பொருள். மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் ரீங்காரம் நிற்கிறது என்றால் திருகுகளை இறுக்கினால் போதும். நீங்கள் சொல்வது இவை இரண்டும் அல்ல.

பிற்பகல் இரைச்சலுக்கு வருவோம். அரைப்பு இல்லாமல் காற்றுச் சத்தம் மட்டும் கேட்பதால், அந்த விசிறி நல்ல நிலையில்தான் இருக்க வேண்டும். ப்ராசஸர் சூடாகிறது, அதனால் மதர்போர்டு விசிறியை வேகமாகச் சுழலச் சொல்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ப்ராசஸரின் வெப்பநிலையையும் அதன் விசிறியின் சுழற்சி வேகத்தையும் பார்த்து, இரைச்சல் வரும்போது இரண்டும் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள்.

பதில்: நூற்பாலை மின்பணியாளர்

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். திருப்பூர் என்றவுடன் எனக்கு முதலில் தோன்றுவது பஞ்சுதான். சாதாரண வீட்டுத் தூசி ஹீட்சிங்க்கில் பொடியாகப் படியும்; பனியன் துணியிலிருந்து பறக்கும் நூலிழை அப்படிப் படிவதில்லை. அது விசிறி இறக்கைகளுக்கு இடையே புகுந்து, விசிறிக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் மெத்தை போலப் பரவிவிடும். மேலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். டார்ச் அடித்து, விசிறியின் ஓரமாகச் சாய்வாகப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறப் படலம் தெரிந்தால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று தகடுகளுக்குள் இறங்காது.

கம்பெனியில் கம்ப்ரஸர் இருக்கும். அதை நேராகக் கணினிக்குள் அடித்துவிடாதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கும், அழுத்தமும் மிக அதிகம். அந்த வேகத்தில் விசிறி தன் இயல்பான வேகத்தை மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். மோட்டாரே சிறிய ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்கு மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. கையடக்க ப்ளோயர் போதுமானது. அதைப் பயன்படுத்தும்போதும் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளுக்கு மென்மையான பெயின்ட் பிரஷ் நல்லது.

பஞ்சு அதிகமாக இருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றியே ஆக வேண்டும். இன்டெல் ஹீட்சிங்க்கில் நான்கு மூலைகளிலும் புஷ் பின்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் செதுக்கியிருக்கும் அம்புக்குறியின் திசையில் தட்டை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருப்பி, மேலே இழுத்தால் விடுபடும். திரும்பப் பொருத்தும்போது பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக, ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு பின் சரியாக இறங்காவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெப்பம் முன்பைவிட அதிகமாகும்.

கழற்றிய ஹீட்சிங்க்கைப் பழைய தெர்மல் பேஸ்ட்டோடு (ப்ராசஸரின் வெப்பத்தை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) அப்படியே மீண்டும் வைக்கக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து இரு பரப்புகளையும் துடைத்துவிட்டு, ப்ராசஸரின் நடுவில் ஓர் உளுத்தம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஹீட்சிங்க்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை ப்ராசஸர்களில் பழைய பேஸ்ட் இறுகியிருந்தால், ஹீட்சிங்க்கை நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் பின்கள் வளைந்துவிடும். சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, மெதுவாக இடவலமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

பதில்: மின்னணுப் பழுதுநர்

ஒரே ஒரு எச்சரிக்கை. காகிதக் குழாய்ச் சோதனையில் சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவதாகத் தெரிந்தால், தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும்போது அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கும், சில வகைகளில் 400 வோல்ட்டை நெருங்கியும் மின்னழுத்தம் தேங்கும். மின்வடத்தைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. உத்தரவாதம் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

பதில்: பின்னலாடைக் கணக்கர், திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். காகிதக் குழாயைப் பின்புற விசிறிக்கு நேராகப் பிடித்தபோது அரைக்கும் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது. ப்ராசஸர் விசிறியிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் காற்றுச் சத்தம் மட்டுமே. பின்புற விசிறியின் கனெக்டரை எடுத்துவிட்ட மறுநாள் காலையில் கணினி அமைதியாக எழுந்தது.

பிற்பகலில் ப்ராசஸர் 88 பாகை செல்சியஸிலும் அதன் விசிறி நிமிடத்துக்கு 2,600 சுற்றுக்கு மேலும் இருந்தன. ஹீட்சிங்க்கைக் கழற்றி அதிலிருந்து விசிறியைப் பிரித்தபோது, அடியில் நூலிழைகள் ஒன்றோடொன்று பின்னி, வட்டமான ஒரு துணித் துண்டாகவே மாறியிருந்தன. விரல்நுனியால் ஓரத்தைப் பிடித்து அதை ஒரே இழுப்பில் உரித்தெடுக்க முடிந்தது. ஹீட்சிங்க்கின் தகடுகள் அதற்குக் கீழே பளபளவென்று புதிதாக இருந்தன. புதிய பேஸ்ட் வைத்துப் பொருத்திய பிறகு, அதே எக்செல் கோப்புகளைத் திறந்து வேலை செய்தபோது, வெப்பநிலை 63 பாகையிலும் விசிறி 1,400 சுற்றிலும் நிற்கின்றன.

இனி பின்புற விசிறிதான் மீதி. எண்ணெய் விடுவதா, புதிதாக வாங்குவதா? கடையில் மூன்று பின் விசிறி, நான்கு பின் விசிறி என்று இரண்டு வகை காட்டினார்கள். எது பொருந்தும்?

பதில்: வன்பொருள் பணியாளர், கோவை

மிக்க மகிழ்ச்சி. எஸ்எம்பிஎஸ்ஸும் ப்ராசஸர் விசிறியும் வாங்கும் செலவு மிச்சமாகிவிட்டது. வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததுமே அமைதியை உணர்ந்திருப்பீர்கள். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி அளவு சுமார் 15 டெசிபெல் இறங்கும் என்பது விசிறிகளுக்கான பொது விதி. சத்தத்தைக் குறைக்க விரும்புபவர்கள் புதிய விசிறி தேடுவதற்கு முன் வெப்பத்தைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

எண்ணெய் விடலாம், ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. விசிறியின் நடுவிலுள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்தால், சிலவற்றில் சிறிய ரப்பர் மூடியும் அதன் கீழே தண்டின் முனையும் தெரியும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு விட்டு, கையால் சுழற்றி ஊறவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், நாளடைவில் பிசினாகவும் மாறும். துரு நீக்கத் தெளிக்கும் ஸ்ப்ரேக்களும் வேண்டாம்; அவற்றிலுள்ள கரைப்பான் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். தண்டு ஏற்கெனவே ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் எண்ணெய் அதை ஈடுசெய்யாது. கணினி அணைந்திருக்கும்போது நடுப்பகுதியைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் மாற்றுவதையே பரிந்துரைப்பேன்.

வாங்கும்போது 120 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன், ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் (தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வது) அல்லது பால் பேரிங் (சிறு குண்டுகள்மீது சுழல்வது) என்று கேளுங்கள். பால் பேரிங் வெப்பத்தைத் தாங்கி நீண்டகாலம் உழைக்கும், ஆனால் புதிதாக இருக்கும்போதே மெல்லிய ஒலி உண்டு. அலுவலக மேசைக்கு முன்னதுதான் ஏற்றது. மூன்று பின், நான்கு பின் இரண்டுமே உங்கள் மதர்போர்டில் செருகும். மூன்று பின் விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் மாறுகிறது; நான்கு பின் விசிறிக்கு எப்போதும் 12 வோல்ட் கிடைக்கிறது, வேகக் கட்டளை நான்காவது கம்பியில் தனியாகச் செல்கிறது. மூன்று பின் விசிறியை வாங்கிவிட்டு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) அந்த இணைப்பைப் பிடபிள்யூஎம் நிலையிலேயே (நான்காவது கம்பி வழியாகக் கட்டளை அனுப்புவது) விட்டால், அது எந்நேரமும் முழு வேகத்தில் இரையும். டிசி நிலைக்கு (மின்னழுத்தத்தால் வேகத்தை மாற்றுவது) மாற்றும் வசதி உங்கள் பயாஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நான்கு பின் விசிறியே வாங்குங்கள்.

பொருத்தும்போது திசை முக்கியம். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினெட்டின் வெளிப்புறத்தை நோக்கி இருக்கட்டும். திருகுகளை அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம்.

பதில்: நூற்பாலை மின்பணியாளர்

பஞ்சு மறுபடியும் வரும் என்பதால் ஒரு சிறு சேர்க்கை. கேபினெட் தரையில் இருந்தால் மேசைமீதோ ஒரு ஸ்டூல்மீதோ ஏற்றி வையுங்கள். நூலிழை தரையோரம்தான் அதிகம் சேர்கிறது. காற்று உள்ளே போகும் முன்பக்கத் துளைகளில் மெல்லிய நைலான் வலையை ஒட்டிவிட்டால் பஞ்சு வலையிலேயே நின்றுவிடும். வாரந்தோறும் பிரஷால் தட்டிவிடலாம். கொசுவலையை மடித்து இரண்டு மூன்று அடுக்காக ஒட்ட வேண்டாம், காற்றே அடைபட்டு ப்ராசஸர் மீண்டும் சூடாகும். வலையை ஒட்டிய அன்று பிற்பகலில் வெப்பநிலையை ஒருமுறை பாருங்கள். 63 பாகையிலிருந்து மூன்று நான்கு பாகைக்கு மேல் ஏறியிருந்தால், இன்னும் அகலமான கண்ணுள்ள வலைக்கு மாறிவிடுங்கள்.