மறு: டெரடோஜன் – தமிழ்ல என்ன வெக்கலாம்?

ஐயா, எல்லாருக்கும் வணக்கமுங்க.

டெரடோஜன், அதாவது வயித்துல இருக்குற கருவோட உருவத்தைக் கோணலாக்குற மருந்து மாதிரி பொருள், அதுக்கு தமிழ்ல என்ன பேர் வெக்கலாம்னு போன வாரம் நான் கேட்டதுக்கு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. எதுக்கு கேட்டேன்னா, நான் போச்சம்பள்ளி பக்கம் கால்நடை மருந்துக்கடை வெச்சிருக்கேன், சந்தைக்கு வர்ற செம்மறிக்காரங்களுக்கு குடல்பூச்சி மருந்து பத்தி ஒரு நோட்டீஸ் அடிக்கலாம்னு உக்காந்தா, அல்பெண்டசோல்ங்கிற அந்த மருந்தை கிடா சேர்த்த முதல் ஒரு மாசம் ஊத்தக்கூடாது, ஊத்துனா குட்டிக்கு எலும்பு கோணலா போகலாம்னு எழுதிட்டு, இப்படிப்பட்ட மருந்துக்கு ஒரு பேர் வேணுமேன்னு பேனா நின்னுபோச்சு.

வந்த சொல்லை எல்லாம் பாத்தேன்.

> ஊனமாக்கி

வேணாங்க. ஊனம்ங்கிற சொல்லையே விட்டுட்டு வர்றோம், அது ஒண்ணு. இன்னொண்ணு, லாரி மோதுனாக்கூட ஊனமாக்கி தான். இங்க விஷயமே நாள் கணக்கு. செம்மறிக்கு சினை அஞ்சு மாசம், உறுப்பு எல்லாம் உருவாகுறது ஆரம்பத்துல. அதே மருந்து, அதே ஆடு, மூணாம் மாசம் ஊத்துனா அந்தக் கோணல் வராது. 1957ல ஜெர்மனியில விக்க ஆரம்பிச்ச, கர்ப்பிணிங்க குமட்டலுக்கும் சாப்பிட்ட தாலிடோமைடுங்கிற தூக்க மருந்தும் அப்படித்தான், கரு தரிச்ச 20ம் நாள்ல இருந்து 36ம் நாள் வரைக்கும் தான் அதோட கொடுமையான காலம், 1961 கடைசியில கடையில இருந்து எடுக்குறதுக்குள்ள பத்தாயிரம் குழந்தைக்கு மேல பாதிப்பு.

> கருக்கொல்லி

இது கொல்றது இல்லீங்களே, குட்டி உசுரோட விழுது.

> கருப்பிழைப்பி

எழுதுனவரு பிழையை நினைச்சு எழுதிருக்காரு, எங்க கடைப் பையன் "கருவைப் பிழைக்க வெக்கிற டானிக்காண்ணே"ங்குறான். இன்னொருத்தர் எழுதுன கருத்திரிபியையும் அவன்கிட்டயே காட்டுனேன், கருத்துத் திரிபுன்னு படிச்சுட்டு வாட்ஸப் வதந்தியான்னு கேட்டான்.

கோட்டுறதுன்னா வளைக்கிறதுன்னு நான் சொன்ன கருக்கோட்டிக்கு திருநெல்வேலி அண்ணாச்சி சிரிச்சது நியாயம் தான், அங்க கோட்டின்னா கிறுக்குன்னு இங்க யாருக்குத் தெரியும். சரி, அதுல இருந்து கருக்கோட்டம்னு எடுக்கலாம்னு பாத்தா தர்மபுரி கோட்டம், அரூர் கோட்டம் மாதிரி ஒரு ஆர்டிஓ ஆபீஸ் வந்து நிக்குது. வாபஸ் வாங்கிக்கிறேன்.

சினைத்திரிபின்னு ஒருத்தர் கேட்டாரு. சினை மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்றது, பொம்பளைங்களுக்கு சொன்னா அடி விழும். ஆனா சோதனை எலிக்கும் முயலுக்கும் பண்றதே மனுசனுக்காக, அதனால சொல்லு ரெண்டு பக்கமும் நிக்கணும். தாலிடோமைடு எலிக்கு ஒண்ணும் பெரிசா பண்ணல, முயல் குட்டிக்கு கை கால் போச்சு, அதுக்கப்புறம் தான் ரெண்டு வகை விலங்குல பாக்குறது கட்டாயம் மாதிரி ஆச்சு.

இப்ப என் ஓட்டு கருவுருத்திரிபி. கரு, அதோட உரு, அது திரியுது. நீளம் தான், ஆனா பையன் தப்பா படிக்கல. கருவுருத்திரிபு, கருவுருத்திரிபியல்னு கிளையும் விடுது.

ஒரு மருந்து இப்படிக் கோணல் பண்ணுமான்னு பாக்குற எலும்பு சோதனை இருக்கே, அதோட சொற்களையும் முடிச்சிடுவோம். எலிக்கு சினை 21, 22 நாள், 6ம் நாள்ல இருந்து மருந்து குடுத்து, ஈனுறதுக்கு ஒரு நாள் முன்ன குட்டியை எடுத்து, காரக் கரைசல்ல போட்டா சதை கண்ணாடி மாதிரி ஆயிடும், அலிசரின்ங்கிற சாயம் எலும்பை சிவப்பாக்கும், ஆல்சியன்ங்கிற சாயம் குருத்தெலும்பை நீலமாக்கும், அப்புறம் கிளிசரின்ல போட்டு விலா 13 ஜோடி இருக்கான்னு எண்ண வேண்டியது தான். (அலிசரினை சாயவேர்ச் சிவப்புன்னு சொல்லலாமே, நம்ம சாயவேர்ல இருக்குறதும் அது தானே? 1736லயே லண்டன்ல பெல்ச்சியர்னு ஒரு டாக்டர், மஞ்சிட்டி இனத்துச் சாயவேர் ஒண்ணு கலந்த தீனி தின்ன பன்னிக்கு எலும்பு சிவந்திருக்குன்னு எழுதிருக்காரு.)

14வது விலா வந்தா மிகைவிலா. அலை மாதிரி இருந்தா நெளிவிலா. ஆனா நெளிவிலா பெரும்பாலும் பொறந்தப்புறம் நிமிர்ந்துக்கும். நெஞ்செலும்பு சாயம் பிடிக்காம இருந்தா அது கோணல் இல்ல, கேழ்வரகு கதிர் மாதிரி இன்னும் முத்தல, அவ்வளவு தான். இதையும் திரிபுன்னு எழுதிட்டா நல்ல மருந்துக்கும் கெட்ட பேர் வந்துடும், அதனால இதுக்கு பின்முற்றல்னு தனியா வெக்கணும்ங்கிறது என் பிடிவாதம். இதுல ஆட்சேபணை இருந்தா சனிக்கிழமைக்குள்ள எழுதுங்க.

ஞாயித்துக்கிழமை சந்தைக்கு எடுத்துட்டுப் போற நோட்டீஸ்ல இது எதுவும் வராதுங்க, கிடா சேர்த்து ஒரு மாசம் அல்பெண்டசோல் ஊத்தாதீங்க, தேதியை சுவத்துல கரிக்கட்டையில எழுதி வெச்சுக்குங்கன்னு ரெண்டு வரி தான்.