ஒரே இரவில் 12 சர்வர்: கட்டளை வரியில் பட்ட பாடு

திருவொற்றியூரிலிருந்து:

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளருக்காக, மும்பை மண்டலத்தில் 8, சிங்கப்பூர் மண்டலத்தில் 4 என 12 கிளவுட் சர்வர்களை ஒரே இரவில் எழுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக ஓட்டினால் விடிந்துவிடும் என்று எண்ணி, பாஷ் ஸ்கிரிப்டில் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு) ஒரு லூப் எழுதி, ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் & குறியிட்டுப் பின்னணிக்கு அனுப்பி, கடைசியில் அவை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் ‘வெயிட்’ கட்டளையை மட்டும் வெறுமனே போட்டு முடித்தேன். கடற்காற்றுக்காக மொட்டைமாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் 12 வேலைகளின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடியதில், எந்த ஐபி முகவரி எந்த சர்வருடையது என்றே புரியவில்லை. இறுதியில் நானே எழுதி வைத்திருந்த ‘வெற்றி’ என்ற சொல் வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் சிங்கப்பூரில் ஒரு சர்வர்கூட இல்லை.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், சர்வரை எழுப்பப் பயன்படும் வார்ப்பான ஏஎம்ஐயின் எண் மண்டலத்துக்கு மண்டலம் வேறுபடும்; மும்பையின் எண்ணையே சிங்கப்பூருக்கும் கொடுத்திருந்தேன். அது கவனக்குறைவு, போகட்டும். அந்தப் பிழை என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் வேறு: பிஐடி (ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் கணினி தரும் எண்) எதையும் குறிப்பிடாமல் அழைக்கப்படும் வெயிட், பின்னணியில் எத்தனை வேலைகள் தோற்றிருந்தாலும் 0, அதாவது வெற்றி, என்றே திருப்பித் தருகிறது. இப்போது ஒவ்வொரு வேலையின் பிஐடியையும் சேமித்து, அதற்குத் தனியாக வெயிட் கொடுத்து, திரும்பி வரும் எண்ணைச் சோதிக்கிறேன். வெளியீட்டைப் பதியும் லாக் கோப்பும் வேலைக்கு ஒன்று.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, இதற்கு நான் பல கட்டளைகளை இணையாக ஓட்டும் குனு பேரலல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். அது ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் கலக்காமல் மொத்தமாகக் காட்டுகிறது. ஜாப்லாக் என்ற பதிவுக் கோப்பைக் கேட்டு வாங்கினால், எது எந்த எண்ணோடு முடிந்தது என்பதும் அதில் பதிவாகிறது, தோற்றவற்றை மட்டும் மறுபடி ஓட்டவும் முடிகிறது. ஆனால் ஆசைப்பட்டு 40 வேலைகளை ஒரே மூச்சில் விட்டபோது, கோரிக்கை வரம்பு மீறப்பட்டது என்று, கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் கிளவுட்டின் ஏபிஐ பாதியைத் திருப்பி அனுப்பியது. இப்போது ஒரே நேரத்தில் 6-க்கு மேல் போவதில்லை.

இராயபுரத்திலிருந்து:

நான் டெராஃபார்ம் ஓட்டுகிறவன்; என்னென்ன சர்வர்கள் வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால் அவற்றை உருவாக்கித் தரும் கருவி அது. அது தானாகவே 10 செயல்களை இணையாகச் செய்யும் என்பதால், அதை மேலும் பல முனையங்களில் திறக்க வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே வந்திருக்கிறது. ஒருநாள் அந்த மாற்றங்களைச் செயல்படுத்தும் ‘அப்ளை’ கட்டளை நடுவில் இருந்தபோது தெருவில் கரண்ட் போனது. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது, வைஃபை ரவுட்டருக்கு இல்லை. என்னென்ன உருவாகியிருக்கிறது என்று டெராஃபார்ம் குறித்துவைக்கும், தொலைவிலிருந்த ஸ்டேட் கோப்பில் எழுத முடியாமல், அது ‘எர்ரர்டு’ என்ற பெயரில் ஒரு கோப்பை என் கணினியிலேயே விட்டுவிட்டு நின்றது. ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் ஸ்டேட்டின் பூட்டும் விடுபடவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்தேன். பூட்டை வலிந்து திறப்பதற்கு முன், குழுவில் வேறு யாரும் அப்ளை ஓட்டவில்லை என்பதை ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பிறகுதான் பூட்டைத் திறந்து, அந்தக் கோப்பை ஸ்டேட் புஷ் கட்டளையால் மேலே ஏற்றினேன். ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் மறுநாளே வாங்கிவிட்டேன்.