ஈயம் உருக்கினால் புகை வருமா, வராதா?

கழிமுகம்:
வீச்சு வலைக்கு ஈயமணி வார்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வலைவீசி நேற்று எழுதியது இது: "ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். கொதிக்காத பொருளிலிருந்து புகை வராது. சமையல் அடுப்பிலேயே வார்க்கலாம். பயந்தவன் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்." இதற்கு இரண்டு பேர் "நன்றி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வார்க்கப் போகிறேன்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீர்கூட 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. கொடியில் போட்ட வேட்டி கொதித்தா காய்கிறது?

வலைவீசி:
26 வருடமாக வார்க்கிறேன். அப்பாவும் வார்த்தார். ஒரு நாள்கூடப் புகையைப் பார்த்ததில்லை. 327-ல் உருகும், 1,749-ல் கொதிக்கும். நடுவில் 1,400 டிகிரி இடைவெளி இருக்கிறது தம்பி. வேட்டி காய்கிற கதையை வைத்துக்கொண்டு உலோகத்தைப் பற்றிப் பேச வராதே. நீ எத்தனை கிலோ வார்த்திருக்கிறாய்? அதை முதலில் சொல்.

கழிமுகம்:
327-ல் உருகும், சரி. 327-லேயே ஊற்ற முடியுமா? அச்சின் வாயிலேயே உறைந்துவிடும். நன்றாக நிரம்ப 370, 400 டிகிரிக்காவது போக வேண்டும். உங்களிடம் வெப்பமானி கிடையாது என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள். அப்புறம் எந்தக் கணக்கில் 327 என்கிறீர்கள்? 480, 500-ஐத் தாண்டினால் ஈயப் புகை கிளம்பத் தொடங்கும். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்க வேண்டியதில்லை. காஸ் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு அரை மணி நேரம் கதை பேசினால் 500 தானாக வந்துவிடும்.

வலைவீசி:
வெப்பமானி இல்லாமல்தான் எங்கள் ஊரே வார்த்தது. ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் பழுப்பாகக் கருகும், அதுதான் பதம். குண்டின் மேல் சுருக்கம் விழுந்தால் சூடு போதவில்லை. கண்ணாடி மாதிரி மின்னினால் சரி. பனி படிந்த மாதிரி மங்கினால் சூடு மீறிவிட்டது, அடுப்பைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் கையில் வர வேண்டிய வித்தை, புத்தகத்தில் வராது. புகை வராது என்றால் வராதுதான்.

கழிமுகம்:
மங்கினால் சூடு மீறிவிட்டது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். பொங்கலுக்கு நீங்கள் போட்ட படத்தைத் திறந்து பாருங்கள். தாம்பாளத்தில் கிடக்கிற 40 குண்டில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று மங்கிக் கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் சட்டியில் மேலே படிந்த ஆடை நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது. அந்த நிறம் 327 டிகிரியில் வருமா?

பழைய இரும்பு:
இன்னொன்றும் உண்டு. போன வருடம் வலைவீசி அண்ணன் "குண்டெல்லாம் நொறுங்குகிறது, துத்தநாகம் கலந்துவிட்டது" என்று புலம்பினார். டயர் கடையில் வாங்குகிற சக்கர வெயிட்டில் இப்போது துத்தநாகமும் வருகிறது. அது உருக 419 டிகிரி வேண்டும். சூடு அதற்குக் கீழே இருந்தால் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். கலந்துவிட்டது என்றால் சட்டி 419-ஐத் தாண்டிவிட்டது என்றுதானே அர்த்தம்?

வலைவீசி:
பழைய இரும்பு, நீ எனக்கு 18 கிலோ என்று நிறுத்துக் கொடுத்தது வீட்டுக்கு வந்ததும் 16 கிலோவாக இருந்ததே, அந்தக் கதையை முதலில் முடி. துத்தநாகத்தை ஈயம் என்று விற்றவனே நீதான். 419 வேறு, 500 வேறு. புகை வரவில்லை.

பழைய இரும்பு:
எடைக்கல்லைக் கொண்டுவந்து காட்டினேன், மறந்துவிட்டதா? அந்த 18 கிலோவில் பாதி கிளிப்பும் அழுக்கும் என்று வாங்கும்போதே சொன்னேன். பணமும் இன்னும் 300 ரூபாய் பாக்கி.

ரத்தப்பரிசோதகி:
புகையை ஒரு நிமிடம் விடுங்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். வீட்டில் ஈயம் வார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பில் ஏறுவது கையிலும் துணியிலும் படிகிற தூசால். உருகிய ஈயத்தின் மேல் மஞ்சளும் சாம்பலுமாக வழித்தெடுக்கிறீர்களே, அந்தக் கசடு ஈய ஆக்சைடு. காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும். அதே கையால் பீடி பிடிப்பீர்கள், டீ குடிப்பீர்கள். அதே கைலியோடு குழந்தையைத் தூக்குவீர்கள். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றும் அதுவே சொல்கிறது. வலைவீசி அண்ணே, கசடை எங்கே கொட்டுகிறீர்கள்?

வலைவீசி:
பார், ஆய்வகத்தில் இருக்கிறவங்களே புகையை விடச் சொல்கிறாங்க. புகை வராது என்று நான் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. கழிமுகம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ரத்தப்பரிசோதகி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. கசடை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

மாயவரம் மாமி:
எதற்கு இத்தனை பயமுறுத்தல்? எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். என் மாமியார் 91 வயது வரை கண்ணாடி இல்லாமல் கோலம் போட்டார்.

கழிமுகம்:
மாமி, உங்கள் சொம்பு வெள்ளீயம். இவர் உருக்குவது காரீயம். பெயர்தான் ஒன்று, உலோகமே வேறு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

மாயவரம் மாமி:
எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஈயம் என்றால் ஈயம்தான். பாத்திரக்கடையில் "வெள்ளீயம் கொடுங்கள்" என்று யாராவது கேட்கிறார்களா?

பழைய இரும்பு:
மாமி, சொம்பில் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய சொம்பை எடைக்குப் போட வருகிறவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் தேய்த்தால் கரிக்கோடு விழும்.

மாயவரம் மாமி:
எடையில் 2 கிலோ அடிக்கிறவர் என் சொம்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

நண்டுவளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பழைய பேட்டரி தகடு மலிவாகக் கிடைக்கிறது. மேல்மாடியில் வைத்து உருக்கலாமா? காற்றோட்டம் நன்றாக இருக்கும்.

கழிமுகம்:
வேண்டவே வேண்டாம். அதில் அமிலம் ஊறியிருக்கும், தகடு முழுக்க ஈயத்தூள். ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் இருக்கலாம். செனகல் நாட்டில் டாக்கர் பக்கத்திலுள்ள தியாரோய் என்ற ஊரில் பேட்டரி ஈயத்தைச் சலித்தெடுத்த தெருக்களில் 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்தார்கள். தொடாதீர்கள்.

வலைவீசி:
பேட்டரி தகடு வேண்டாம் தம்பி. இதில் மட்டும் அவன் சொல்வதைக் கேள். இன்னொன்று, மழைக்காலத்தில் வார்க்காதே. என் மைத்துனன் ஈரம் காயாத சக்கர வெயிட்டை உருகிய சட்டிக்குள் நேராகப் போட்டான். டம்மென்று ஒரு சத்தம். உள்ளே மாட்டிய துளித் தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்தால் வேறென்ன ஆகும்? பாதிச் சட்டி ஈயம் கூரையில் ஒட்டியது. அவன் முன்கையில் இன்றும் மிளகு மிளகாகத் தழும்பு இருக்கிறது. அச்சைத் தணலில் காட்டி, கரண்டியைக் காட்டி, எல்லாம் சுட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆபத்து ஈரத்தில் இருக்கிறது, புகையில் இல்லை. புகை வராது.

கழிமுகம்:
மைத்துனர் கையில் செருப்பும் கண்ணாடியும் இல்லாமல்தான் நின்றாரா? அதையும் எழுதுங்கள். மூடிய செருப்பு, முழுக்கை, கண்ணாடி வேண்டும் என்று நேற்றே நீங்கள் எழுதியிருந்தால் நான் இந்தச் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

வலைவீசி:
"கையில் செருப்பு" என்று எழுதுகிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். முதலில் தமிழை ஒழுங்காக எழுது.

ரத்தப்பரிசோதகி:
மூன்றாவது முறை கேட்கிறேன். கசடு எங்கே போகிறது?

வலைவீசி:
கசடு கசடு என்று ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறீங்க? கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டுவேன். மரம் நன்றாகத்தான் காய்க்கிறது.

ரத்தப்பரிசோதகி:
அண்ணே, அந்தக் கொல்லையில் கோழி மேய்கிறதா? பிள்ளைகள் விளையாடுகிறார்களா? ஈயம் மண்ணில் மக்காது. அப்பா கொட்டியதும் அங்கேயேதான் இருக்கும். இனிமேலாவது மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். மரத்தடியில் யாரையும் விடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வலைவீசி:
என் பேரன் வகுப்பில் முதல் மாணவன். என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேச வேண்டாம். கேட்டது ஒன்றே ஒன்று: 327-ல் புகை வருமா, வராதா?

கழிமுகம்:
நீங்கள் 327-ல் வார்க்கவே இல்லை என்பதுதான் என் பதில். நீல ஆடை, மங்கிய குண்டு, கலந்த துத்தநாகம். மூன்றுக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்னப்பட்சி:
இங்கிலாந்தில் 1987-லேயே சின்ன ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்குத் தடை செய்துவிட்டார்கள், அன்னங்கள் விழுங்கிச் செத்ததால். நாமும் மாறலாமே.

வலைவீசி:
எங்கள் முகத்துவாரத்தில் அன்னம் இல்லை. வீச்சு வலையில் இரும்பு மணி கட்டிப் பார், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து வலை நூலையும் அரித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை வார்க்கிறேன், காணொளி போடுகிறேன். புகை எங்கே இருக்கிறது என்று கழிமுகம் விரலால் தொட்டுக் காட்டட்டும்.

கழிமுகம்:
வெப்பமானியோடு போடுங்கள். வாங்கக் காசு நான் அனுப்புகிறேன்.

வலைவீசி:
உன் காசு எனக்கு எதற்கு?

பழைய இரும்பு:
அந்தக் காசை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் அண்ணே. 300 ரூபாய்.