707 குதிரைத்திறன் என்றார்கள், டைனோவில் 618தான் வருகிறது

டல்லாஸ்_வி8:
என்னுடையது 2016 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், ஆட்டோமேட்டிக், கை வைக்காத ஸ்டாக் வண்டி. போன வாரம் இங்கே ஒரு கடையில் டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் சுழலவிட்டுக் குதிரைத்திறன் அளக்கும் மெஷின்) ஏற்றினோம், நல்ல வெயில். முதல் ஓட்டம் 618, அடுத்தது 601, அதற்கடுத்தது 587. கம்பெனி சொல்வது 707, மீதி எங்கே போச்சு? இதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு வேறு கடையில் 640 வந்தது. கடைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார். பிரிக்கலாமா?

சூப்பர்சார்ஜர்_ராஜா:
பிரிக்க விடாதீர்கள்! 707 என்பது கிராங்க்ஷாஃப்ட்டில், அதாவது எஞ்சினிலிருந்து பவர் வெளியே வரும் தண்டிலேயே அளந்தது. உங்கள் கடையில் அளந்தது பின்சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 618 என்றால் இழப்பு 12, 13 சதவீதம், இந்த வண்டிக்கு அது நல்ல கணக்குதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறைந்துகொண்டே போனது சூடு. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போதே அதைச் சூடாக்குகிறது, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் தண்ணீரும் சூடேறிவிட்டால் உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறும், உடனே ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) நாக்கிங், அதாவது எரிபொருள் தப்பான நேரத்தில் தானே வெடிப்பது, வரக்கூடாதென்று இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும், பொறி தாமதமாக விழும், பவர் குறையும். சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் அடிக்கிற காற்றுக்கு, கடையில் வைக்கிற ஒரு ஃபேன் ஈடாகாது. பானெட்டைத் திறந்து நன்றாக ஆறவிட்டு மறுபடி ஓட்டியிருந்தால் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அந்த ஓட்டங்களின் லாக் (சென்சார் பதிவு) இருந்தால் இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பழைய_கார்ப்பரேட்டர்:
டைனோ தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எஸ்ஏஇ என்று இருக்கிறதா, எஸ்டிடி என்று இருக்கிறதா? அளந்த எண்ணை ஒரு பொதுவான வானிலைக்கு மாற்றிச் சொல்லும் இரண்டு திருத்த முறைகள் அவை. அதைச் சொல்லாமல் யார் எண் சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. எஸ்ஏஇ திருத்தம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்துக்கு மாற்றிச் சொல்லும். எஸ்டிடி 15.5 டிகிரிக்கும் இன்னும் கூடுதல் அழுத்தத்துக்கும் மாற்றும். குளிர்ந்த, அடர்ந்த காற்று என்பதால் அதே ஓட்டத்துக்கு ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம் காட்டும். உங்கள் 618ஐ அப்படிப் போட்டால் 640 பக்கம் வந்துவிடுகிறது பாருங்கள். அப்புறம் எந்த டைனோ என்பதும் உண்டு. உருளையை மட்டும் சுழற்றும் டைனோஜெட் பொதுவாக அதிகம் காட்டும், பிரேக் போட்டு லோடு கொடுக்கும் மஸ்டாங் டைனோ குறைவாகக் காட்டும். கடைக்காரர் வெப்பநிலை சென்சாரைச் சூடான சைலன்சர் பக்கத்தில் மாட்டியிருந்தால் திருத்தம் தானே ஊதிப் பெருகும், அது தனிக்கதை.

டல்லாஸ்_வி8:
பார்த்தேன். என்னுடையது எஸ்ஏஇ, அவனுடையது எஸ்டிடி. இவ்வளவு நாள் என்னை ஓட்டிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் 70களின் கார்கள் 425, 450 என்பதெல்லாம்?

பழைய_கார்ப்பரேட்டர்:
அது கிராஸ் கணக்கு. ஏர் கிளீனர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல், வெறும் எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து அளந்தது. நெட் என்றால் அதெல்லாம் மாட்டி, காரில் இருக்கிறபடி அளந்தது. 1971இல் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. அந்த ஆண்டு கார்வெட்டின் 454 எல்எஸ்5 எஞ்சின் கிராஸில் 365, நெட்டில் 285. ஒரே எஞ்சின்! 1972 மாடல்களிலிருந்து நெட் மட்டும்தான். பவர் திடீரென்று படுத்துவிட்டதாக இன்னும் பேசுகிறார்கள், அதில் பாதி இந்தக் கணக்கு மாற்றம்தான், மீதி கம்ப்ரஷனைக் குறைத்தது.

சூப்பர்சார்ஜர்_ராஜா:
டைனோவே வேண்டாம் என்றால் கால் மைல் டிராக்குக்குப் போங்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும் வேகத்தை மணிக்கு எத்தனை மைல் என்று எடுத்து, 234ஆல் வகுத்து, மும்மடியாக்கி, ஆளோடு சேர்த்த எடையைப் பவுண்டில் பெருக்குங்கள். ஹெல்கேட்டுக்கு டாட்ஜ் சொன்ன வேகம் 125. ஆளோடு 4650 பவுண்டு என்று வைத்தால் 709 வருகிறது. ஈடி நேரத்தை (கால் மைலை முடிக்க எடுத்த நொடிகள்) பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் டயர் பிடிப்பையும் கிளம்புகிற விதத்தையும்தான் காட்டும்.

டல்லாஸ்_வி8:
சரி, எஞ்சின் வேலை வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை டிராக்குக்குப் போகிறேன். ஸ்டாக் டயர்தான், பின்பக்கம் காற்றைக் கொஞ்சம் குறைக்கணுமா?