பொருள்: உயர் மின்னழுத்தத்தில் இழையாக்கும் முறைக்கு ஒரு சொல் வேண்டும்

பசுமலை, வேதியியல் ஆசிரியை:

அன்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவர்களுக்கு ஆய்வகக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஜெலட்டின், கைட்டோசான், பட்டுப் புரதம் போன்ற இயற்கைப் பலபடிகளை (பாலிமர்களை) கரைத்து ஊசிக்குழலில் அடைத்து, 10 முதல் 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறோம். ஊசிமுனைத் துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை கிளம்புகிறது. போகும் வழியிலேயே கரைப்பான் ஆவியாகி, எதிரே உள்ள தகட்டில் இழையாகப் படிகிறது. தடிமன் சில நூறு நானோமீட்டர். புண்ணை மூடவும், திசு வளரச் சட்டகமாகவும் ஆராய்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘எலெக்ட்ரோஸ்பின்னிங்’ எனும் இம்முறைக்கு ‘மின்னூற்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. நூற்றல் என்றால் கதிர் (சுழன்று நூலை முறுக்கும் தண்டு) வேண்டும், முறுக்கு வேண்டும். ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று தொடங்கும் நன்னூல் வெண்பாவில் ‘கையே வாயாகக் கதிரே மதியாக’ என்று வருகிறதே. கதிரை எடுத்துவிட்டால் நூற்பு ஏது? உங்கள் முறையில் முறுக்கே இல்லை, இழுப்புதான். ஆகவே ‘மின்னிழைப்பு’. ‘இழை’க்கு நூல், அணிகலன் இரண்டும் பொருள், சேயிழை, ஆயிழை எல்லாம் அப்படி வந்தவைதாம். ‘நுண்’, ‘நூல்’, ‘நுழை’ மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். அதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

செல்லூர், நூற்பாலையில் வேலை பார்த்தவர்:

ஐயா, கதிர் இல்லாமல் நூற்பது மில்லிலேயே உண்டு. ஓப்பன் எண்ட் மிஷினில் கதிர் கிடையாது, ரோட்டர்தான் சுற்றும். அதில் வருவதையும் நூல் என்றுதானே விற்கிறோம்? பட்டுப்புழு எந்தக் கதிரை வைத்து நூற்கிறது? மதுரையில் நூற்பாலை தெரியாத வீடு இருக்காது, அதனால் ‘நூற்பு’ இருக்கட்டும். ‘மின்னிழைப்பு’ என்றால் எங்கள் ஆட்கள் தச்சுப் பட்டறையில் கரண்டில் ஓடும் இழைப்புளி என்று நினைப்பார்கள். அப்புறம், தயவுசெய்து ‘நெசவு’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். பாவும் ஊடையும் இல்லாமல் தாறுமாறாகப் படிவது நெசவு ஆகாது.

விளாச்சேரி, மொழிபெயர்ப்பாளர்:

‘மின்னூல்’ என்றால் இன்று கணினியில் படிக்கும் புத்தகம். ‘மின்னூற்பு’ என்று பார்த்ததும் மாணவர் மனம் அங்கேதான் போகும். ‘மின் ஊற்பு’ என்று பிரித்துத் திணறுபவர்களும் இருப்பார்கள். ‘மின்புல நூற்பு’ என்றால் குழப்பம் இல்லை. மின்புலம் பாடநூலில் படித்த சொல்; தாரையை இழுப்பதும் அந்தப் புலம்தான்.

திருப்பரங்குன்றம்:

வாசகர் திணறுவார் என்று சந்தியைச் சுற்றிப் போனால் நாளைக்குப் ‘பொன்னூல்’ என்று கூட எழுத முடியாது.

பசுமலை:

ஐயா, சந்தியை விட என்னை உறுத்துவது வேறொன்று. இதே முறையைத் தீங்கு விளைக்காத கரைப்பான்களோடு செய்வதற்கும் ஒரு பெயர் வேண்டும். ‘பசுமை நூற்பு’ என்று இருவர் தனியாக எழுதினார்கள். நம் ஊரில் பசுமை என்றதும் பசுமைப் புரட்சி நினைவுக்கு வரும். உரமும் பூச்சிமருந்தும் கூடவே வந்துவிடும். ‘இயற்கைப் பலபடி’ என்ற பெயரே போதும், மாணவர்கள் ‘இயற்கைதானே’ என்று கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள். தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனைக் கரைக்கப் பலரும் எடுப்பது ஹெக்சாஃபுளூரோ ஐசோபுரோப்பனால் என்ற கரைப்பான். தோலையும் கண்ணையும் அரிக்கும், ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது. மூன்று சங்கிலிகள் முறுக்கிய கொலாஜனின் முச்சுருள் அமைப்பையும் அது குலைத்துவிடுகிறது. அதன் எச்சம் இழையில் தங்கினால் செல்களுக்குக் கேடு. ஜெலட்டின் இழை ஈரம் பட்டால் கரைந்துவிடும், அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பு தேவை. அதற்கு குளூட்டரால்டிஹைடு போட்டால் மறுபடி நஞ்சு. ஜெலட்டினுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம், பிணைப்புக்கு கார்டீனியா காயிலிருந்து வரும் ஜெனிபின் என்று மாற்று வழிகள் உண்டு. ஜெனிபின் பட்ட இழை நீலமாகும். இவ்வளவையும் நினைவூட்டும் சொல் வேண்டும். ‘நச்சகல் நூற்பு’ என்று யோசித்தேன்.

செல்லூர்:

‘நச்சகல்’ என்பதை ‘நச்சு அகல்விளக்கு’ என்று படிப்பார்கள் அம்மா. ‘நஞ்சில்லா நூற்பு’ என்றால் போதாதா?

விளாச்சேரி:

‘நஞ்சில்லா’ என்றால் முழு உறுதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். அசிட்டிக் அமிலமும் செறிவாக இருந்தால் தோலைச் சுடும். கிலோவோல்ட் அப்படியேதான் இருக்கிறது. ‘நஞ்சு குறை நூற்பு’ என்பது நேர்மையானது.

பசுமலை:

முதல் சொல்லில் ‘நூற்பு’ இருக்கட்டும் என்றே பெரும்பாலோர் சொல்கிறீர்கள், ‘மின்புல நூற்பு’ என்றே வைக்கிறேன். இரண்டாவதற்கு இந்தப் பதிப்பில் தனிச்சொல் இல்லை. எந்தக் கரைப்பான், எந்தப் பிணைப்பி, எச்சத்தை எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொரு செய்முறையின் தலையிலும் முழு வாக்கியமாக எழுதிவிடுகிறேன்.

திருப்பரங்குன்றம்:

அச்சிடுங்கள் அம்மா, தடையில்லை. சொல்லடைவில் ‘மின்னிழைப்பு’ என்று ஒரு வரியாவது சேருங்கள். வேர் பற்றிய மடல் நாளை வரும்.