முழங்கை முறிவு: கம்பி வைத்தால் நரம்பு போய்விடுமா?

அம்பைக்காரன்: மகனுக்கு ஆறு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு விலகிவிட்டது. நாளைக் காலையில் பாளையங்கோட்டையில் கம்பி வைக்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது நரம்பு பாதிக்கலாம் என்றார்கள், அதிலிருந்து தூக்கமே இல்லை.

எலும்பு டாக்டர்: அண்ணாச்சி, முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் அல்நார் நரம்பு ஓடுகிறது, இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று இழுக்குமே, அதுதான். உள்பக்கம் குத்தும் கம்பிதான் அதற்கு ஆபத்து என்பதால் பலர் வெளிப்பக்கமே இரண்டு மூன்று கம்பியை விரித்துப் போடுகிறார்கள். உள்பக்கமும் தேவைப்பட்டால் வெளிக்கம்பியை முதலில் போட்டு, கையைக் கொஞ்சம் நீட்டிவைத்து (நன்றாக மடக்கினால் சில பிள்ளைகளுக்கு நரம்பு முன்னால் நழுவி வரும்), சின்னதாகக் கீறிப் பார்த்துப் போடுவது நல்லது. அப்புறம், விழுந்ததிலேயே வேறு நரம்பும் அடிபட்டிருக்கலாம். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடுகிறானா என்று ஆபரேஷனுக்கு முன்பே பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பாளை அக்கா: என் மகளுக்குச் சுண்டுவிரல் மரத்துப்போய் மூன்று மாதத்தில் சரியாயிற்று தம்பி. கம்பி எடுத்தபிறகு எண்ணெய் போட்டு உருவ மட்டும் யாரையும் விடாதீர்கள், என் மாமியாரைத் தடுப்பதே பெரும்பாடு.

அம்பைக்காரன்: வட்டம் போட்டுவிட்டான். இப்போது அல்வா கேட்கிறான், ராத்திரிக்கு மேல் ஒன்றும் கொடுக்கக் கூடாதாம்.